கழற்றி வைக்க முடிந்த உயரம்

கட்டடம் கட்டும் இடத்தில் அவளுக்கு மேலக்கா என்று பெயர். மேலே இருக்கிற அக்கா, அதனால் மேலக்கா. டவர் கிரேனின் உச்சியில், நாலு பக்கமும் கண்ணாடி போட்ட கூண்டுக்குள் உட்கார்ந்து, இரண்டு கைப்பிடிகளை அசைத்து, இரும்புக் கட்டுகளை ஆகாயத்தில் நடத்திப் போவது அவள் வேலை. காலையில் ஏணி ஏறினால் சாயங்காலம்தான் மண்ணை மிதிப்பாள். கீழே வேலை செய்கிறவர்களில் பாதிப் பேருக்கு அவள் முகம் தெரியாது, வாக்கிடாக்கியில் வருகிற குரல்தான் தெரியும். "தம்பி, அந்தக் கம்பிக்குக் கீழ நின்னு போன் பேசாதே, உன் பொண்டாட்டிக்கு நான் பதில் சொல்ல முடியாது" என்று அந்தக் குரல் சொன்னால் எந்தத் தம்பியும் மறுபேச்சில்லாமல் நகர்ந்துவிடுவான்.

அவள் முதலில் வந்தது சாமான் ஏற்றும் லிஃப்டுக்கு. அங்கிருந்து கிரேனைப் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்டு, பயிற்சிக்குப் போய், பரீட்சை எழுதி, ஒரு நாள் மேலே ஏறி உட்கார்ந்தபோது கீழே எல்லோரும் மூக்கில் விரலை வைத்தார்கள். கொஞ்ச நாளில் விரல்கள் மூக்கை விட்டு இறங்கின. பாரத்தை ஆடாமல் இறக்குவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று ஆகிவிட்டது. கிரேன்காரர்கள் நாற்காலியில் சாய்ந்து உட்காருவதே கிடையாது. முன்னால் குனிந்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவே, காலடியில் இருக்கும் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தபடி நாளெல்லாம் இருப்பார்கள். அவளும் அப்படித்தான். வீட்டில் சோபாவில் உட்கார்ந்து டீவி பார்த்தாலும் அதே குனிவுதான்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. வேலை நாளில் அவள் தண்ணீர் குடிக்க மாட்டாள். மேலே கழிப்பறை கிடையாது. இறங்கி ஏறுவதற்குள் கீழே இருபது பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். ஆண்கள் ஒரு காலி பாட்டிலோடு கதையை முடித்துக்கொள்கிறார்கள், அதைப் பற்றி யாரும் பேசுவதும் இல்லை, நினைப்பதும் இல்லை. கூண்டு செய்தவனும் நினைக்கவில்லை, கம்பெனியும் நினைக்கவில்லை. அவள் யாரிடமும் கேட்கவில்லை. காலையில் வீட்டில் ஒரு டம்ளர், ராத்திரி வீட்டில் ஒரு சொம்பு, நடுவில் நாக்கை நனைப்பதோடு சரி. வருஷக்கணக்கில் இப்படியே ஓடியதில் அவளுக்கே அது மறந்துபோயிருந்தது.

நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தக் காற்று நாள் வந்தது. காலையிலிருந்தே வெயில் கொளுத்தியது. மத்தியானத்துக்கு மேல் காற்று கிளம்பவும் வேலையை நிறுத்தச் சொன்னார்கள். கிரேனைக் காற்றோடு திரும்பும்படி விட்டுவிட்டு அவள் இறங்க ஆரம்பித்தாள். பாதி ஏணியில் காதுக்குள் இரைச்சல் கேட்டது. கண்ணின் ஓரமெல்லாம் கறுத்துக்கொண்டு வந்தது. கைகள் கம்பியைப் பிடித்தன, பிடித்தது பிடித்தபடி நின்றுவிட்டன. விடு என்று சொன்னால் விரல்கள் கேட்கவில்லை. கடைசியில் இரண்டு பேர் ஏறி வந்து, ஒருவர் மேலேயும் ஒருவர் கீழேயும் நின்று, பேச்சுக் கொடுத்துக் கொடுத்து இறக்கினார்கள். கீழே மொத்த ஆட்களும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ சர்க்கரை போட்ட டீயை நீட்டினார்கள். குடித்த கொஞ்ச நேரத்தில் தெளிந்தது.

"பயந்துட்டாங்க" என்றார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்ல, அதுவே பேச்சாகி, அவளும் நம்பிவிட்டாள். அதற்குப் பிறகு அவளுக்குத் தரையில் வேலை. பச்சைச் சட்டை மாட்டிக்கொண்டு, கையை ஆட்டி, வேறொருவர் ஓட்டும் கிரேனுக்குச் சைகை காட்டுவது. மேலக்கா கீழே நிற்கிறாள் என்பதில் இருக்கும் நகைச்சுவையை யாரும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

ஒரு நாள் சைட் இன்ஜினியர் கூப்பிட்டார். நல்ல மனிதர், சத்தம் போடத் தெரியாதவர்.

"மேலக்கா, பக்கத்து டவருக்குப் புதுக் கிரேன் வருது. மாசக் கடைசியில ஏத்தி நிறுத்திடுவாங்க. சீட்டு உங்களுக்கா, வேற ஆள் பாக்கட்டுமா? நான் வற்புறுத்தலை. உண்மையைச் சொல்லிடுங்க, அது போதும்."

"யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றாள்.

யோசிக்க என்ன இருக்கிறது? அந்தச் சீட்டு அவளுக்கு வேண்டும். சாப்பாட்டைவிட, தூக்கத்தைவிட வேண்டும். ஆனால் உடம்பு என்ன சொல்லும் என்று தெரியவில்லை. சும்மா ஒரு தடவை ஏறிப் பார்க்கலாம் என்றால் வேலை இல்லாதவர்களுக்கு ஏணிக் கதவைத் திறக்க மாட்டார்கள். திறந்தாலும் அத்தனை கண்ணும் மேலே வரும். மறுபடி ஒரு தடவை நடுவில் தொங்கினால் அதோடு கதை முடிந்தது. யாரும் பார்க்காமல் உயரத்தில் நின்று பார்க்க ஒரு வழி வேண்டும். அப்படி ஒரு வழி உலகத்தில் எங்கே இருக்கிறது?

அது நாத்தனார் வாயிலிருந்து வந்தது. புருஷனின் தங்கை, போன் கடையில் வேலை செய்கிறவள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தால் ஒரு வாரத்துக் கதையையும் சேர்த்துக் கொட்டிவிட்டுத்தான் போவாள்.

"எங்க கடைக்கு அந்த விஆர் கண்ணாடி வந்திருக்கு அண்ணி. மாட்டிக்கிட்டா பெரிய கட்டடத்து உச்சியில ஒரு பலகை மேல நிக்கற மாதிரி இருக்கும். எங்க மேனேஜர் கார்ப்பெட் மேல நின்னுக்கிட்டு, ஐயோ அம்மான்னு அப்படியே உக்காந்துட்டாரு."

மேலக்காவின் கை தட்டிலேயே நின்றது. "கார்ப்பெட் மேல நிக்கறோம்னு அவருக்குத் தெரியுமில்ல?"

"தெரியும். அவர் காலுக்குத் தெரியலையே."

தெரிந்தும் ஏமாறுகிற உடம்பு. அப்படியென்றால் உயரமே இல்லாமல் உயரத்துக்குப் போகலாம். தன் கால் என்ன சொல்லும், தன் கை விடுமா விடாதா என்று வீட்டுக் கூடத்திலேயே பார்த்துவிடலாம். அவளுக்கு அன்றிலிருந்து அதே நினைப்பாகிவிட்டது. பாத்திரம் துலக்கும்போது ஒரு கேள்வி வரும், துணி காயப்போடும்போது இன்னொன்று வரும். அதில் காற்று அடிக்குமா? கையைப் பார்த்தால் கை தெரியுமா? கீழே பார்த்தால் கீழே இருக்குமா?

"அது என்ன விலை?" என்றார் புருஷன்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பஸ் நிலையத்துக்கு எதிரே சாவிக் கடை வைத்திருக்கிறார். நாலு பேர் நின்றால் அஞ்சாவது ஆள் தெருவில் நிற்க வேண்டிய கடை. எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர் என்று அவர் தங்கையே சொல்வாள். அது பாதிதான் உண்மை. அவருக்கு வாங்குவதில் பிரியம் கிடையாது, விலை கேட்பதில்தான் பிரியம். கார் கடைக்குள் நுழைந்து விலை கேட்டுவிட்டு வருவார். ஒரு தடவை ஆஸ்பத்திரியில் காத்திருந்த நேரத்தில் ஸ்கேன் எடுக்கிற மிஷினுக்கு விலை கேட்டிருக்கிறார். தெரிந்து வைத்துக்கொள்வதில் என்ன நஷ்டம் என்பது அவர் கட்சி.

இப்போது அவருக்கு வேலை வந்துவிட்டது. சாயங்காலமானால் கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பிவிடுவார். திரும்பி வந்து சட்டையைக் கழற்றும்போதே ஆரம்பிப்பார்.

"அந்தக் கண்ணாடி மட்டும் வாங்கினாப் பத்தாதாம். அதுக்குக் கம்ப்யூட்டர் வேணுமாம்."

"நம்ம கடையிலதான் ஒண்ணு இருக்கே."

"சொன்னேன். கடைக்காரன் சிரிச்சான்."

அடுத்த நாள் கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்று வந்தது. கம்ப்யூட்டருக்குள்ளே இருக்கிற ஒரு பாகம், அது கம்ப்யூட்டரைவிட விலை அதிகம். "வீட்டைவிடக் கதவு விலை ஜாஸ்திங்கற மாதிரி இருக்கு" என்றார். அதற்கு மறுநாள், அந்தக் கார்டுக்குக் கரண்ட் பத்தாதாம், வேறு பவர் சப்ளை போட வேண்டுமாம். அப்புறம் ஆள் எங்கே நிற்கிறான் என்று பார்க்கச் சுவரில் மாட்டும் கண்கள். அதுவும் ஒன்று போதாது, ஜோடியாக வேண்டும். பட்டியல் அனுமார் வாலாக நீண்டுகொண்டே போனது. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டவர் கேபிளில் வந்து உடைந்துபோனார்.

"கேபிள் தனி விலை" என்றார். "மத்ததையெல்லாம் மன்னிச்சுடலாம். உள்ளுக்குள்ள என்னென்னவோ வேலை நடக்குது, சரி. இது வெறும் ஒயர். இந்த மூலையிலேருந்து அந்த மூலைக்குப் போற ஒயர். அதுக்கு அவன் சொல்ற விலையைக் கேட்டா எனக்கு மார் வலிக்குது."

"அதோட முடிஞ்சுதா?"

"எங்க முடிஞ்சுது? நடக்கறதுக்கு வெறுந்தரை வேணுமாம். சோபாவைத் தூக்கணும், சாப்பாட்டு மேஜையைத் தூக்கணும். தூக்கி எங்க வைக்கறது? அதுக்கு இன்னொரு ரூம் வாடகைக்கு எடுக்கணும். அந்த வாடகையையும் இதோட சேத்துக்கோ."

கம்ப்யூட்டரே வேண்டாத, தனியாக ஓடுகிற கண்ணாடி ஒன்றும் இருந்தது. ஆனால் அது அவளுடைய ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்கும். ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்ள அவ்வளவு கொடுப்பதா என்று அவளுக்கே கையைக் கடித்தது. கடைசியில் ஒரு நாள் அவர் வெற்றி வீரராக வந்து மேஜை மேல் ஒரு பிளாஸ்டிக் பெட்டியை வைத்தார். முன்பக்கம் போனைச் செருகிக்கொள்ளலாம், பின்பக்கம் இரண்டு வில்லைகள், தலையில் கட்ட ஒரு பட்டை. விலை, இரண்டு சாவி போடுகிற காசு.

"அதுவும் கண்ணுக்குப் போடறது, இதுவும் கண்ணுக்குப் போடறது" என்றார். "ரெண்டும் ஒண்ணுதான்னு கடைக்காரனே சொன்னான்."

நாற்காலியைக் கூடத்தின் நடுவில் போட்டு, அவள் உட்கார்ந்து பெட்டியை மாட்டிக்கொண்டாள். போனில் ஒரு உயரமான கட்டடத்தின் மொட்டைமாடி வந்தது. இடது பக்கம் திரும்பினாள், ஊர் திரும்பியது. வலது பக்கம் திரும்பினாள், கடல் வந்தது. அட, நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பழக்கம்போல முன்னால் குனிந்து முழங்கால்களுக்கு நடுவே கீழே எட்டிப் பார்த்தாள். உடனே வயிறு புரண்டது. பெட்டியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வாஷ்பேசினுக்கு ஓடினாள்.

மறுநாளும் அதேதான். அதற்கு அடுத்த நாள் வெறும் வயிற்றோடு பார்த்தாள், இன்னும் மோசம். குனிந்தால் போதும், குமட்டல். முகத்தைக் கழுவிக்கொண்டு சுவர்க் கண்ணாடியில் பார்த்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. உண்மையான உயரம்கூட இல்லை, ஒரு பொம்மை உயரம். அதற்கே உடம்பு இப்படிச் சுருண்டுகொள்கிறது என்றால் இனிமேல் எந்த முகத்தோடு ஏணியில் கால் வைப்பது? காலைப் பனியில் கூண்டுக்குள் முதல் ஆளாக உட்கார்ந்து ஊர் எழுந்திருப்பதைப் பார்ப்பது, அந்தக் கைப்பிடியின் வழவழப்பு, எல்லாம் இனி வேறு யாருக்கோ.

"திங்கட்கிழமை முடியாதுன்னு சொல்லிடப் போறேன்" என்றாள்.

ஆறுதல் சொல்ல அவருக்கு வராது. ஆனால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துக் காசை வாங்கிவிட வேண்டும் என்று தோன்றியது. சும்மா போனால் கடைக்காரன் தர மாட்டான், ஏதாவது குறை கண்டுபிடித்துக்கொண்டு போக வேண்டும். அதனால் தானே மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சாவி ராவும்போது குனிகிற மாதிரி ஒரு குனி குனிந்தார். அடுத்த நிமிஷம் வாஷ்பேசினில் அவர் தலை தெரிந்தது.

துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தவர் முகத்தில் வலியைவிட ஆச்சரியம் அதிகமாக இருந்தது. "ஏய், நான் எந்தக் கிரேன்லயும் ஏறினதில்லை. ஏணியில தொங்கினதும் இல்லை. எனக்கு எதுக்குக் குமட்டணும்?"

இரண்டு பேரும் பெட்டியைப் பார்த்தார்கள். தங்கைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"அந்தப் பொட்டியா வாங்கினே? ஏண்ணா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றாள் அவள். "அதுக்குத் தலை திரும்பறது மட்டும்தான் தெரியும். உடம்போட குனியறது தெரியாது. நீ குனிஞ்சாலும் படம் குனியாது, அங்கயே நிக்கும். கண்ணு ஒண்ணு சொல்லும், உடம்பு ஒண்ணு சொல்லும். யாரா இருந்தாலும் குமட்டத்தான் செய்யும்."

"குனியறதும் தெரியணும்னா?"

"அதுக்குத்தான் அந்தக் காசு. நீ ஊரெல்லாம் விலை கேட்டுட்டு வந்தியே, அதெல்லாம் எதுக்குன்னு நினைச்சே?"

மேலக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பிழைப்பே குனிவதில் இருக்கிறது. குனியத் தெரியாத பெட்டியிடம் போய்த் தன்னைக் காட்டி, அது சொன்னதை நம்பி, சீட்டை விட்டுக்கொடுக்கப் பார்த்தாளே. அவளுக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. அதோடு பழைய கேள்வியும் திரும்பி வந்து உட்கார்ந்தது. குனியத் தெரிந்த கண்ணாடி என்ன சொல்லும்?

"அண்ணி, வாங்கவே வேணாம்" என்றாள் நாத்தனார். "எங்க கடை இருக்கற கட்டடத்துலயே மூணாவது மாடியில விளையாட்டுக் கூடம் இருக்கு. அரை மணிக்கு இவ்வளவுன்னு வாடகை. வேலை முடிஞ்சு நேரா வந்துடுங்க."

வேலை முடிந்து, பூட்ஸில் ஒட்டிய சிமெண்டோடு போனாள். புருஷன் வாசலில் காத்திருந்தார். உள்ளே சுவரெல்லாம் கறுப்பு, தரையில் கார்ப்பெட், அதில் வெள்ளை டேப் ஒட்டிய சதுரங்கள். கண்ணாடியின் ஒயர் தரையில் புரளாமல் கூரையில் ஒரு சின்னக் கப்பி வழியாக வந்து தொங்கியது. கப்பியைப் பார்த்ததும் அவளுக்கு அந்த இடத்தின் மேல் மரியாதை வந்தது. புருஷன் ஒயரைப் பார்த்தார். "இதானா அது" என்று மெல்லக் கேட்டார்.

கூடத்தைப் பார்த்துக்கொள்கிற பெண் சிரித்த முகமாக வந்தாள். "என்ன விளையாட்டுக்கா வேணும்? சண்டையா, கார் ரேஸா?"

"உயரமான இடம். ஏணி இருக்கணும்."

"இதுவரைக்கும் ஏணி கேட்டு யாரும் வந்ததில்லைக்கா" என்றாலும் அவளிடம் இருந்தது. ஒரு உயரமான கோபுரத்தின் உச்சியில் எரியாத விளக்கைச் சரிசெய்துவிட்டு ஏணி வழியாக இறங்கி வர வேண்டும். மேலே போக லிஃப்ட் உண்டு, இறங்க ஏணிதான். மேலக்கா சக்கரம் இல்லாத நாற்காலி ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

கண்ணாடி கனமாக இருந்தது. பிறகு கனம் மறந்துபோனது. உச்சியில் உட்கார்ந்திருந்தாள். கீழே தெருக்கள், பஸ்கள், ஆறு ஒன்று. மூச்சைப் பிடித்துக்கொண்டு, முழங்கால்களுக்கு நடுவே, மெதுவாகக் குனிந்தாள். ஊரும் அவளோடு குனிந்தது. கோபுரத்தின் சுவர் கீழே சரிந்து போவது தெரிந்தது. குமட்டல் இல்லை. இன்னும் குனிந்தாள். இல்லை.

"என்ன?" என்று கண்ணாடிக்கு வெளியிலிருந்து புருஷன் குரல் கேட்டது.

"அங்க தூரத்துல ஒரு கிரேன் நிக்குது. கொக்கியைத் தப்பா மாட்டியிருக்காங்க" என்றாள். அந்தக் குரல் பழைய வாக்கிடாக்கிக் குரலாக இருந்ததைக் கேட்டு அவர் சுவரோரம் போட்டிருந்த சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தார்.

விளக்கைச் சரிசெய்து முடித்தாள். எழுந்து ஏணிக்கு வந்தாள். அந்தப் பெண் இரண்டு கையிலும் கொடுத்திருந்த பிடியை அழுத்தினால் படத்தில் இருக்கும் கை ஏணிக் கம்பியைப் பிடிக்கும், விட்டால் விடும். ஒவ்வொன்றாகப் பிடித்து, விட்டு, இறங்கினாள். பாதியில் காதுக்குள் அந்த இரைச்சல் ஆரம்பித்தது. கண்ணின் ஓரம் கறுத்தது. விரல்கள் பிடியை அழுத்தின, அழுத்தியது அழுத்தியபடி நின்றுவிட்டன. அதே இடம், அதே மாதிரி. வந்துவிட்டது என்று நினைத்தாள்.

"அக்கா, ஆடறீங்க. கழட்டிடறேன்" என்று அந்தப் பெண் ஓடி வந்து கண்ணாடியைத் தூக்கினாள்.

கார்ப்பெட். வெள்ளை டேப். எதிரே புருஷனின் பயந்த முகம். ஆனால் அந்த முகத்தைச் சுற்றி இன்னும் கறுப்பாகவே இருந்தது. காதில் இரைச்சல் அப்படியே இருந்தது. மேலக்கா கீழே பார்த்தாள், தரை ஒரு சாண் கூட எட்டத்தில் இல்லை, பூட்ஸ் அதன் மேல்தான் இருக்கிறது. உயரத்தைக் கழற்றி அந்தப் பெண் கையில் வைத்திருக்கிறாள். மயக்கம் மட்டும் கழலவில்லை. இது எப்படி என்று அந்த நிலையிலும் அவள் மனசு குடைந்தது.

"உக்காருங்கக்கா. கடைசியா எப்ப தண்ணி குடிச்சீங்க?"

"காலையில."

"காலையிலயா? வெயில்ல வேலை செஞ்சிட்டு வர்றீங்க, நாள் பூராவுமா குடிக்கலை?"

"அவ பகல்ல குடிக்க மாட்டா" என்றார் புருஷன். "கீழ வேலைக்கு வந்தும் விடலை. பழக்கம்."

"நான் முதல்லயே கேட்டிருக்கணும், என் தப்பு. தண்ணி குடிக்காம மாட்டினா நல்லா இருக்கறவங்களுக்கே கண்ணைக் கட்டும்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் ஒரு பாட்டிலும் கொஞ்சம் சர்க்கரையும் கொண்டுவந்தாள். மேலக்கா குடித்தாள். பாட்டிலை வைக்காமல் குடித்தாள். கொஞ்ச நேரத்தில் இரைச்சல் அடங்கியது, கறுப்பு ஓரங்கள் விலகின, புருஷனின் முகம் முழுசாகத் தெரிந்தது. அன்றைக்குக் கீழே வந்ததும் யாரோ நீட்டிய டீ ஞாபகத்துக்கு வந்தது. அதைக் குடித்துத்தான் தெளிந்தது. தரைக்கு வந்ததால் தெளிந்தது என்றல்லவா இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு அரை மணி" என்றாள்.

அந்தப் பெண் புருஷனைப் பார்த்தாள். அவர் கை சட்டைப் பைக்குள் போனது. பேரம் பேசவில்லை, ஏதாவது குறைத்துக்கொள்ளுங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. அவர் வாழ்க்கையில் அது ஒரு பெரிய சம்பவம், ஆனால் அப்போது யாரும் கவனிக்கவில்லை.

நன்றாக இளைப்பாறிவிட்டுத்தான் மறுபடி மாட்டிக்கொண்டாள். பயம் இல்லை என்று சொன்னால் அது பொய். பாதி ஏணி வந்தபோது, இங்கேதானே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. நின்றாள். இரைச்சல் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டாள். வரவில்லை. விரலை விடு என்றாள், விட்டது. அடுத்த கம்பி, அடுத்த கம்பி என்று கடைசி வரை இறங்கி, காலுக்கு அடியில் பொய்யான தெரு வந்ததும், நிஜமான கார்ப்பெட்டில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்ததும் அவர் கேட்டார்.

"பகல்ல ஏன் குடிக்க மாட்டே?"

இத்தனை வருஷத்தில் அவர் கேட்காத கேள்வி அது. ஊரில் இருக்கிற அத்தனை பொருளுக்கும் விலை கேட்டவர் இதைக் கேட்கவில்லை. அவளும் தானாகச் சொல்லவில்லை, சொல்கிற விஷயமா அது? அவள் முன் சீட்டைப் பார்த்தபடி தாழ்ந்த குரலில் சொன்னாள். மேலே இடம் இல்லாததை, பாட்டில் கதையை, இருபது பேர் கீழே காத்திருப்பதை.

"அத்தனை வருஷமுமா?"

"அத்தனை வருஷமும்தான்."

அவர் அவள் கையை எடுத்துத் தன் முழங்காலின் மேல் வைத்துக்கொண்டார். சாவி ராவி ராவிப் பித்தளை வாடை அடிக்கிற கை அவருடையது.

மறுநாள் சாயங்காலம் அவர் தாமதமாக வந்தார். சட்டையைக் கழற்றும்போதே ஆரம்பித்தார். "கூடாரம் விக்கற கடைக்குப் போயிருந்தேன். காட்டுல போய்த் தங்கறவங்களுக்குன்னு மடக்கு கழிப்பறை வச்சிருக்கான். மூடி இருக்கு, பை இருக்கு, ஒரு பொடி இருக்கு, அதைப் போட்டா எல்லாம் கெட்டியாயிடுமாம். வாடை வராதாம். சுத்தி மாட்டற மறைப்பும் சேத்து, விலை என்ன தெரியுமா?"

"என்ன?"

"அந்தக் கேபிள் விலை."

அவள் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை இன்ஜினியரின் அறைக்குப் போனாள். வரைபடங்களை ஒதுக்கிவிட்டு அவர் நாற்காலி போட்டார்.

"வரேன் சார்" என்றாள். "ஆனா கூண்டுக்குப் பின்னாடி மேடையில எனக்கு ஒரு மறைப்பும், ஒரு மடக்கு கழிப்பறையும் வேணும். அன்னிக்கு ஏணியில நான் பயத்துல நிக்கலை சார். தண்ணி குடிக்காம நின்னுட்டேன். மேல இடம் இல்லாததால நான் என்னிக்குமே குடிக்கறதில்லை."

இன்ஜினியரின் முகம் சிவந்தது. பேனாவை எடுத்தார், வைத்தார். "இதை யாரும் என்கிட்ட கேட்டதே இல்லையே, மேலக்கா."

"கேக்க வெக்கமா இருந்தது சார். ஏணியில தொங்கினதைவிட இதுல என்ன வெக்கம்னு இப்பத்தான் தோணுது."

அவர் யோசித்தார். "சரி, டாக்டர்கிட்ட ஒரு தடவை முழுசாக் காட்டிட்டு வாங்க, அது எனக்கு வேணும். இதுக்கு என்ன செலவாகும்னு விசாரிக்கச் சொல்றேன்."

"விசாரிச்சாச்சு சார். ஒரு கேபிள் விலை."

"என்ன கேபிள்?"

"அது பெரிய கதை சார்" என்றாள்.

டாக்டர் பார்த்தார், ரத்தம் எடுத்தார், ஏறலாம் என்று எழுதிக் கொடுத்தார். கூடவே தண்ணீர் விஷயத்தில் நன்றாகத் திட்டியும் அனுப்பினார். புதுக் கிரேன் நின்ற வாரம், மறைப்பும் மடக்கு கழிப்பறையும் அதன் கொக்கியிலேயே தொங்கிக்கொண்டு மேலே போயின. இரண்டு நாள் கழித்துப் பழைய டவரின் கிரேன்காரர், தலையைச் சொறிந்துகொண்டு வந்து, தனக்கும் ஒன்று கிடைக்குமா என்று இன்ஜினியரிடம் கேட்டதாகக் கேள்வி.

முதல் நாள் ஏணியில், அந்தப் பாதி இடத்தில், அவள் நின்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் ஏறினாள். கூண்டுக்குள் போய், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே கீழே பார்த்தாள். இரும்புக் கட்டு தயாராக இருந்தது. சுற்றி ஆட்கள் நின்றார்கள். வாக்கிடாக்கி கரகரத்தது.

"மேலக்கா, தூக்கலாமா?"

"ஒரு நிமிஷம் இருங்கப்பா" என்றது மேலேயிருந்து வந்த குரல், எல்லோருக்கும் கேட்கும்படி. "தண்ணி குடிச்சிட்டு இருக்கேன்."

கீழே காத்திருந்தார்கள்.